எழுதப்பட்ட இராகம்: ஜான் மேயரின் வாழ்வும் இந்தோ-ஜாஸ் இசையாக்கங்களும்

ஆய்வுச் சுருக்கம்

கல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் 1930-இல் பிறந்த ஜான் மேயர், இலண்டனின் இரு பெரும் இசைக்குழுக்களில் வயலின் கலைஞராகப் பணியாற்றியவர். 1965 முதல் ஜாஸ் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் இணைந்து இந்தோ-ஜாஸ் என்னும் இசைவகையை உருவாக்கியவர். இவரது ஆக்கங்கள் இரு மரபுகளின் கலவை என்றே பொதுவாக விவரிக்கப்படுகின்றன. அவற்றின் அடிப்படைச் சிக்கல் கலப்பைப் பற்றியதன்று, எழுத்தைப் பற்றியது என இக்கட்டுரை வாதிடுகிறது. செவிவழி வளர்ந்த இராகத்தைக் குறியீட்டை வாசித்து இசைப்போரின் கையில் எவ்வாறு தருவது என்பதே அவர் எதிர்கொண்ட வினா. அதே வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் எழுந்தது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து மேயரின் சாதனையும் அதற்கு அவர் கொடுத்த விலையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜான் மேயர், ஜோ ஹாரியட், இந்தோ-ஜாஸ், இராகம், இசைக்குறியீடு, மனோதர்மம், கிரகபேதம்

முன்னுரை

இந்திய இசையும் மேலையிசையும் சந்தித்த வரலாற்றில் 1960-கள் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றன. பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றில் சிதார் ஒலித்தது 1965-இல். இரவிசங்கரும் யெஹுதி மெனுஹினும் இணைந்து இசைத்தட்டு வெளியிட்டது 1967-இல். இவ்விரு நிகழ்வுகளையும் எல்லா நூல்களும் பேசுகின்றன. பீட்டில்ஸ் பாடல் பதிவான அதே அக்டோபர் 1965-இல், அதே இலண்டன் நகரில், பத்துக் கலைஞர்களைக் கொண்டு முழு இசைத்தட்டு அளவிலான இராக ஆக்கங்களை ஒருவர் பதிவு செய்தார். அவரே ஜான் மேயர்.

மேயரின் பெயர் வரலாறுகளில் இடம்பெறும் முறை கவனத்திற்குரியது. பிரித்தானிய ஜாஸ் வரலாற்றில் அவர் ஜோ ஹாரியட்டின் துணைவராகவே தோன்றுகிறார். இந்திய இசை வரலாறுகள் அவரை அயலகத்தவராக எண்ணி விட்டுவிடுகின்றன. மேலைச் செவ்வியல் இசை வரலாற்றிலோ அவர் ஓர் அடிக்குறிப்பு. மூன்று துறைகளுக்கும் உரியவர் எதற்கும் உரியவராகாமல் போன நிலையின் காரணத்தை அவரது இசையாக்க முறைக்குள்ளேயே காணலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. இராகத்தை எழுதும் சிக்கல்: சென்னை மாகாணப் பின்னணி

மேலையிசையோடு தமிழகம் கொண்ட உறவு மேயருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தையது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளை அவர் கேட்டார். அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் இயற்றிய நாற்பதளவிலான உருப்படிகள் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. அவை அனைத்தும் சங்கராபரணத்தில் அமைந்தவை. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். மேலை மெட்டும் மேலைக் கருவியும் இவ்வாறு பெரிய உராய்வின்றி உள்ளே வந்தன.

எதிர்த்திசைப் பயணம் எளிதாக அமையவில்லை. சென்னையில் வாழ்ந்த அ. மு. சின்னசாமி முதலியார் கருநாடக உருப்படிகளை ஐந்துகோட்டு இசைக்குறியீட்டில் எழுதி, 1892 முதல் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். உலகின் எப்பகுதியினரும் வாசிக்கத்தக்க எழுத்தில் நம் இசை பதிவாக வேண்டும் என்பது அவர் நோக்கம். அவரது தூண்டுதலும் துணைநிற்க, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் உருவாக்கிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் வெளிவந்தது. அந்நூல் ஐந்துகோட்டைக் கைக்கொள்ளவில்லை. சுர எழுத்துகளின் மேல் கமகக் குறிகளை இட்டு எழுதும் முறையை அது மேற்கொண்டது.

இவ்விரு முயற்சிகளும் இரு வேறு விடைகள். முதலாவது, இராகத்தை அறியாதவரும் வாசிக்கலாம் என்ற பரப்பைத் தேடியது. இரண்டாவது, இராகத்தை அறிந்தவர் மறவாதிருக்க வேண்டும் என்ற ஆழத்தைத் தேடியது. பரப்பை நாடினால் கமகம் நழுவுகிறது. கமகத்தைக் காத்தால் வாசிப்போர் வட்டம் சுருங்குகிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் மேயர் இதே இடத்தில்தான் வந்து நின்றார். அவருக்கு முன் இருந்தவர்கள் உருப்படியைப் பாதுகாக்க எழுதினார்கள். அவர் புதிய உருப்படியை உருவாக்க எழுத வேண்டியிருந்தது.

2. கல்கத்தா முதல் இலண்டன் வரை

மேயர் வறிய குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் பிலிப் சாந்த்ரேயிடம் வயலின் பயின்றார். இந்துஸ்தானி இசையின் இலக்கணத்தையும் கற்றார். அன்றைய கல்கத்தா ஜாஸ் இசைக்கும் உரிய நகரம். அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு அங்கேயே தங்கி இசைத்து, 1945-இல் அங்கேயே மறைந்தார். விடுதி அரங்குகளில் ஜாஸ், இசைப்பள்ளியில் பாக், வீதிகளிலும் வானொலியிலும் இந்துஸ்தானி என மூன்று இசைகளும் ஒரே நகரில் ஒலித்தன. ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தினர் இவற்றுக்கிடையே அன்றாடம் நடமாடினர்.

பின்னர் மேயர் பம்பாய் சென்று மெஹ்லி மேத்தாவிடம் பயின்றார். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவரும் இசை நடத்துநர் ஜுபின் மேத்தாவின் தந்தையுமானவர் இவர். உதவித்தொகை பெற்று 1952-இல் மேயர் இலண்டன் இராயல் இசைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பை நெடுங்காலம் தொடரப் பொருள்வசதி இடந்தரவில்லை. 1953 முதல் 1958 வரை இலண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும், 1958 முதல் 1965 வரை இராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும் வயலின் வாசித்தார்.

இப்பன்னிரண்டு ஆண்டுகள் அவரது இசையாக்கத்திற்கு அடித்தளமாயின. ஓர் இசைக்குழுவில் எண்பது பேர் ஒரு தாளை வாசித்து ஒன்றாக இயங்குவதை அவர் உள்ளிருந்து கண்டார். எழுதப்படாதது அங்கே ஒலிக்காது. அவரது இசையாக்க ஆசிரியர் மாட்யாஷ் ஷைபர் ஹங்கேரியில் பிறந்தவர். 1928-இல் ஃபிராங்க்ஃபர்ட் இசைப்பள்ளியில் ஜாஸுக்கெனத் தனிப் பாடப்பிரிவைத் தொடங்கியவர். செவ்வியல் இசையும் ஜாஸும் ஒரே வகுப்பறையில் கற்பிக்கத்தக்கவை என்று கருதிய ஆசிரியரிடம் மேயர் பயின்றது பொருள்பொதிந்த நிகழ்வாகும்.

மெனுஹின் 1955-இல் மேயரின் வயலின் சொனாட்டாவை வாசித்தார். சிதார், புல்லாங்குழல், தபலா, தம்புரா ஆகியவற்றை முழு இசைக்குழுவோடு இணைத்த ‘இந்திய நடனங்கள்’ என்னும் ஆக்கம் 1958-இல் உருவானது. இரவிசங்கரின் முதல் சிதார் கான்செர்ட்டோ 1971-இல்தான் வெளிவந்தது என்பதை நோக்க, இம்முயற்சியின் முன்மை புலப்படும்.

3. இரட்டை ஐவர் குழு

ஜாஸ் உலகிற்குள் மேயரை அழைத்து வந்தவர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டெனிஸ் பிரஸ்டன். ஓர் இசைத்தட்டை நிரப்பச் சிறிய ஆக்கம் ஏதும் கைவசம் உண்டா என்று அவர் வினவியபோது, இல்லாததை உண்டு என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்து எழுதிக் கொடுத்ததாக மேயர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். வாய்ப்புக்காகக் காத்திருந்த புலம்பெயர் கலைஞரின் நிலையை இச்செய்தி காட்டுகிறது. பிரஸ்டனே பின்னர் இந்திய இசையையும் ஜாஸையும் இணைக்கும் திட்டத்தை மேயர்முன் வைத்தார்.

அத்திட்டத்தின் மற்றொரு தூண் ஜோ ஹாரியட். 1928-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1951-இல் இங்கிலாந்து வந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். 1960 அளவில் சுரக்கூட்டு வரிசை, நிலையான தாளம் ஆகிய கட்டுகளைத் தளர்த்திச் சுதந்திர ஜாஸை முன்னெடுத்தவர். கட்டற்ற இசைக்குப் பெயர் பெற்றவரும் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதுபவரும் ஒரே குழுவில் இணைந்தனர்.

‘இந்தோ-ஜாஸ் சூட்’ அக்டோபர் 1965-இல் பதிவாகி 1966-இல் வெளிவந்தது. ஜாஸ் தரப்பில் ஹாரியட்டுடன் எடி பிளேர் டிரம்பெட்டும், பாட் ஸ்மைத் பியானோவும், ரிக் லேர்ட் பாஸும், ஆலன் கான்லி டிரம்ஸும் இசைத்தனர். மறுதரப்பில் மேயரின் வயலின், ஹார்ப்சிகார்டுடன் திவான் மோதிஹாரின் சிதார், கேசவ் சாத்தேயின் தபலா, சந்திரஹாஸ் பைகங்கரின் தம்புரா, கிறிஸ் டெய்லரின் புல்லாங்குழல் ஆகியன அமைந்தன. இந்தியத் தரப்பு எனப்பட்ட ஐவரில் புல்லாங்குழல் கலைஞர் ஆங்கிலேயர். மேயரோ இரு தரப்பின் எழுத்தையும் அறிந்தவர். ஆகவே ‘ஐந்து இந்தியர், ஐந்து மேலையர்’ என்ற விளம்பர வாய்பாடு உண்மை நிலையை எளிமைப்படுத்துகிறது. மெய்யான எல்லைக்கோடு தாளை வாசித்து இசைப்போருக்கும் செவிவழிப் பயின்றோருக்கும் இடையே ஓடியது.

தொடர்ந்து ‘இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்’ 1967-இலும் அதன் இரண்டாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இவற்றில் இடம்பெற்ற ஆக்கங்களின் பெயர்களே மேயரின் சிந்தனைப் போக்கை உணர்த்தும். ‘முல்தானி’ இராகப் பெயர். ‘பார்ட்டிட்டா’ ஐரோப்பிய பரோக் காலத்து இசைவடிவம். ‘பூர்வி வேரியேஷன்ஸ்’ இராகத்தையும் மேலை வடிவத்தையும் ஒரே தலைப்பில் இணைக்கிறது. ‘மிஸ்ர புளூஸ்’ கலப்பைக் குறிக்கும் வடசொல்லை ஆப்பிரிக்க-அமெரிக்க இசைவடிவத்தோடு சேர்க்கிறது. முதல் தொகுதியின் ‘ஆக்கா ராகா’ பிபிசி தொலைக்காட்சியின் குடும்ப வினாடி வினா நிகழ்ச்சிக்கு முகப்பிசையாயிற்று. இயற்றியவர் பெயரை அறியாமலே பிரித்தானிய இல்லங்கள் அவ்விசையை அறிந்திருந்தன.

4. இராகமும் கார்டும்: ஓர் இலக்கண விளக்கம்

மேயர் எதிர்கொண்ட தொழில்நுட்பச் சிக்கலைத் தமிழிசை மாணவர் அறிந்த சொற்களால் விளக்கலாம். ‘இந்தோ-ஜாஸ் சூட்’ தொகுப்பின் மூன்றாம் ஆக்கம் ‘ராக மேகா’. மேக் இராகத்தின் சுரங்கள் கருநாடக முறையின் மத்தியமாவதிக்கு நிகரானவை. ச, ரி2, ம1, ப, நி2 என்னும் ஐந்தே சுரங்கள். தமிழ்ப் பண் முறையில் இது செந்துருத்தியோடு ஒப்பிடப்படும்.

ஜாஸ் இசையின் உயிர், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே செல்வதில் உள்ளது. பாஸ் கருவி ஒவ்வொரு முறை வேறு சுரத்தில் காலூன்றும்போதும் கேட்பவரின் செவி அச்சுரத்தை ஆதாரமாகக் கொள்ள முற்படும். மத்தியமாவதியில் இதன் விளைவு தெளிவானது. ரிடபத்தை ஆதாரமாக்கினால் அதே சுரங்கள் இந்தோளமாகின்றன. மத்தியமத்தை ஆதாரமாக்கினால் சுத்த சாவேரி, பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி, நிடாதத்தை ஆதாரமாக்கினால் மோகனம் பிறக்கின்றன. கருநாடக இசைக் கலைஞர் கிரகபேதத்தை அரிதாக, அவையை வியக்கவைக்கும் நுட்பமாகக் கையாள்வார். ஜாஸ் பாஸ் கலைஞருக்கோ ஆதாரப் பெயர்ச்சி அன்றாடப் பழக்கம். அப்பழக்கம் தடையின்றி இயங்கினால் மேக் இராகம் சில நொடிகளில் ஐந்து இராகங்களாகச் சிதறிவிடும்.

ஆகவே தம்புரா இக்குழுவில் அலங்காரமாக அமரவில்லை. ஆதார சட்ஜத்தை இடைவிடாது நினைவூட்டி, பியானோவும் பாஸும் இராகத்தை விட்டு அகலாமல் காக்கும் பொறுப்பு அதற்கிருந்தது. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் முன்வைத்த மோடல் ஜாஸ், சுரக்கூட்டு மாற்றங்களைக் குறைத்து ஒரே சுர அடுக்கில் நீண்ட நேரம் உலவ ஜாஸ் கலைஞரைப் பழக்கியிருந்தது. ஜான் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்ற ஆக்கத்தை 1961-இல் பதிவு செய்திருந்தார். இம்மாற்றங்கள் நிகழ்ந்திராவிடில் மேயரின் முயற்சிக்குக் களம் அமைந்திருக்காது.

தாளத்திலும் இதற்கிணையான சிக்கல் உண்டு. ஜாஸ் பெரும்பாலும் நான்கெண்ணிக்கைக்குள் இயங்கி, அழுத்தங்களை இடம்பெயர்த்து அழகு சேர்க்கும். இந்துஸ்தானி ஜப் தாளம் 10 மாத்திரைகளை 2, 3, 2, 3 எனப் பகுத்து, சமத்தில் வந்து நிறைவுறும். ஜாஸ் டிரம்ஸ் கலைஞருக்குத் தாளம் முன்னோக்கிச் செல்லும் உந்துவிசை. தபலா கலைஞருக்கு அது தொடங்கிய இடத்திற்கு மீளும் வட்டம். எங்கே வட்டம் முடிகிறது என்பதை இருவரும் ஒருசேர அறிய, எழுதப்பட்ட கட்டமைப்பு இன்றியமையாததாயிற்று.

5. எழுத்தும் மனோதர்மமும்

மேயர் கண்ட விடை கண்டிப்பானது. தொடக்கப் பகுதிகள், இணைப்புகள், முடிவுகள் யாவும் எழுதப்பட்டன. தனியிசைக்கு இடம் விடப்பட்டது. ஆயினும் எடுத்துக்கொண்ட இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே அது நிகழ வேண்டும் என்பது விதி. சுதந்திர ஜாஸின் முன்னோடியான ஹாரியட் இவ்விதியை ஏற்றுத் தம் சாக்ஸபோனால் இராகத்தை விரித்தார். அவரது வாசிப்பில் வரும் வளைவுகளும் இழைவுகளும் புளூஸ் மரபிலிருந்து வந்தவை. ஐந்துகோட்டில் எழுதவியலாத கமகத்தின் இடத்தை அவை ஓரளவு நிரப்பின. சின்னசாமி முதலியாரின் குறியீட்டில் நழுவியது, எழுதப்படாத ஒரு பிற மரபின் வழியே திரும்பி வந்தது எனலாம்.

இதற்கு விலையும் இருந்தது. எழுதப்பட்ட பகுதியிலிருந்து தனியிசைக்கு மாறும் இடங்களில் தையல் தெரிகிறது. சிதார் விரிவான ஆலாபனைக்கு உரிய அவகாசம் பெறுவதில்லை. ஓர் இராகத்தின் சுரங்களை மட்டும் பேணுவது அதன் உருவை முழுமையாகப் பேணுவதாகாது. முல்தானியில் ஆரோகணத்தில் ரிடபமும் தைவதமும் விலக்கப்படுவதும், சில சுரங்கள் தனித்த அசைவோடு ஒலிப்பதும் அதன் அடையாளங்கள். இவற்றைச் சுரப்பட்டியலாகத் தர இயலாது. மோதிஹாரும் சாத்தேயும் 1967-இல் ஐரோப்பியச் சுதந்திர ஜாஸ் கலைஞருடன் ‘ஜாஸ் மீட்ஸ் இந்தியா’ என்ற இசைத்தட்டில் பங்கேற்றனர். எழுத்தின் பிடி தளர்ந்த அவ்விசைத்தட்டில் கலைஞர்க்குக் கூடுதல் உரிமை கிடைத்தது. ஆனால் ஒரு முழு ஆக்கமாகக் கட்டமைந்து நிற்கும் உறுதி மேயரிடமே மிகுந்துள்ளது.

உரிமை பற்றிய வினாவும் இங்கேயே எழுகிறது. ‘இந்தோ-ஜாஸ் சூட்’ அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் உறையில் ‘ஜோ ஹாரியட் இரட்டை ஐவர் குழு’ என்பது முதன்மையாகவும், ‘ஜான் மேயரின் நெறியாள்கையில்’ என்பது அதனடியிலும் இடம்பெற்றன. அடுத்த தொகுதிகளில் இருவர் பெயரும் இணையாயின. 1969-இல் வந்த ‘எட்யூட்ஸ்’ மேயரின் குழு என்ற பெயரிலேயே வெளியாயிற்று. ஜாஸ் உலகம் வாசிப்பவரை ஆசிரியராகக் கொள்ளும். செவ்வியல் உலகம் எழுதுபவரை ஆசிரியராகக் கொள்ளும். இந்திய மரபு குருவழியையும் பாடாந்தரத்தையும் முதன்மையாகக் கொள்ளும். இம்மூன்று அளவுகோல்களும் மோதும் இடத்தில் மேயர் நின்றார். வரலாறுகள் அவரைத் தவறவிட்டதற்கு இம்மோதலே அடிப்படைக் காரணம். ஹாரியட்டுக்கும் இதனால் நன்மை விளையவில்லை. சுதந்திர ஜாஸில் அவர் நிகழ்த்திய சாதனைகளைப் பின்னுக்குத் தள்ளி, இந்தோ-ஜாஸை அவரது வாழ்வின் திசைமாற்றமாகக் கருதுவோர் உண்டு. அவர் 1973-இல் தம் 44-ஆம் வயதில் வறுமையில் மறைந்தார்.

இக்குழு இயங்கிய காலச்சூழலும் நோக்கத்தக்கது. ஜமைக்கா, செயின்ட் வின்சென்ட், இந்தியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்தோர் ஒரே மேடையில் இசைத்த 1968-இல்தான், குடியேறுவோரைக் கட்டுப்படுத்தும் காமன்வெல்த் சட்டம் பிரித்தானியாவில் கடுமையாக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ஈனாக் பவல் குடியேற்றத்துக்கு எதிரான உரையைப் பர்மிங்காம் நகரில் நிகழ்த்தினார்.

6. பிற்காலம்: மேடையிலிருந்து பாடத்திட்டத்திற்கு

குழு கலைந்த பின்னரும் மேயர் செவ்வியல் ஆக்கங்களைத் தொடர்ந்து படைத்தார். 1977-இல் வெளியான கீத் எமர்சனின் பியானோ கான்செர்ட்டோவை இசைக்குழுவுக்கென வடிவமைப்பதில் பங்காற்றி, இலண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினார். இருபதாண்டுகளுக்கு முன் அதே குழுவின் வயலின் வரிசையில் அமர்ந்திருந்தவர் அவர்.

1989 முதல் பர்மிங்காம் இசைக்கல்லூரியில் இசையாக்கம் கற்பித்தார். அங்கு 1997-இல் இந்திய இசைக்கான இளங்கலைப் பட்டப்படிப்பு அவரது முயற்சியால் தொடங்கப்பட்டது. 1990-களில் இந்தோ-ஜாஸ் குழு மீண்டும் உயிர்பெற்றது. அவர் மகனும் சிதார் கலைஞருமான ஜோனதன் மேயர் அதில் இசைத்தார். முதல் குழுவில் தாளும் செவியும் இரு தரப்புகளாகப் பிரிந்திருந்தன. ஒரே மாணவர் இரண்டிலும் தேர்ச்சி பெறும் சூழலைப் பட்டப்படிப்பு உருவாக்க முனைந்தது. இசைத்தாளில் முழுமையாகத் தீராத சிக்கலை வகுப்பறையில் தீர்க்க முயன்றார் என்று இதனைக் கொள்ளலாம். 2004 மார்ச்சில் வட இலண்டனில் மோட்டார் வாகனம் மோதி மேயர் உயிரிழந்தார்.

முடிவுரை

மேயரின் தாய் தமிழர் என்பதை மட்டும் கொண்டு அவரைத் தமிழிசை வரலாற்றில் சேர்ப்பது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. அவர் கையாண்ட இராகங்கள் இந்துஸ்தானி மரபைச் சார்ந்தவை. அவரது கல்வியும் கல்கத்தா, பம்பாய், இலண்டன் ஆகிய நகரங்களில் அமைந்தது. தமிழ் ஆய்வுலகம் அவரை நோக்க வேண்டிய காரணம் வேறு. சின்னசாமி முதலியாரும் சுப்பராம தீட்சிதரும் எழுப்பிய வினாவை அவர் வேறொரு களத்தில் தொடர்ந்தார். இராகத்தை எழுதலாமா என்று அவர்கள் கேட்டனர். எழுதிய இராகத்தை அயலார் இசைக்கும்போது எது எஞ்சும் என்று மேயரின் ஆக்கங்கள் கேட்கின்றன.

அவரது விடை முழுமையானதன்று. ஆயினும் சட்ஜத்தைத் தம்புராவிடமும், கட்டமைப்பைத் தாளிடமும், இழைவைச் சாக்ஸபோனிடமும் ஒப்படைத்த அவரது பகிர்வு, இன்றைய இணைவிசை முயற்சிகள் பலவற்றினும் தெளிவான சிந்தனையில் எழுந்தது. இணைவிசையை மதிப்பிடுவோர் எந்தெந்த மரபுகள் கலந்தன என்று பட்டியலிடுவதோடு நிறுத்திவிடுகின்றனர். யார் எழுதினார், யார் செவிவழி அறிந்தார், யாருடைய பெயர் உறையில் முதலில் நின்றது என்ற வினாக்களையும் உடன் எழுப்பினால், மேயரைப் போன்று எல்லைகளில் வாழ்ந்த கலைஞர்க்கு வரலாற்றில் உரிய இடம் கிட்டும்.